நான் ஓடக் காணாத பிள்ளை

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்கு அரசாங்கம் சம்பளம் தருகிறது. இப்படிச் சொன்னால் மேலதிகாரிகள் கோபிப்பார்கள். ஆனால் இருபது வருடமாகத் தீவுப்பகுதியில் குடும்பநல உத்தியோகத்தராக வீடு வீடாக ஏறி இறங்குகிறவளுக்கு வேறு எப்படிச் சொல்ல வரும்? "ஓம் மிஸ், தாய்ப்பால் மட்டும்தான் குடுக்கிறன்" என்று ஒரு தாய் சொல்லும்போது நான் அவளுடைய முகத்தைப் பார்ப்பதில்லை. குசினித் தட்டில் பால்மாத் தகரப்பேணி இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும். "அது மாமிக்குத் தேத்தண்ணிக்கு" என்பாள். மாமி முன் விறாந்தையில் வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பா.

இருபது வருடம் இதே வேலையாகப் போனால் வீட்டிலும் அதே புத்திதான் வரும். "கோயிலிலை ஐயர் திருநீறு தந்தாலும் அது எந்த மாட்டின்ரை சாணி எண்டு கேட்டுத்தான் நீர் பூசுவீர்" என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். கேட்டால் என்ன பிழை?

பெண்பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டக் கழகத்தை நான் தொடங்கியதும் சந்தேகத்தில்தான். சாமத்தியப்பட்டுப் பெரியபிள்ளையான மறுமாதமே எங்கள் பக்கத்துப் பெட்டைகள் ஓட்டத்தை விட்டுவிடுகிறார்கள். கிளினிக்கில் 'இரத்தம் குறைவு' என்று எழுதி எழுதி என் கை ஓய்ந்தது. இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தேன். "ஓம் மிஸ், ஒவ்வொரு நாளும் போடுறன்" என்றார்கள். பாதிப் பேர் அதைக் கோழிக்குப் போட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். குளிசையால் ஆகாததைப் பந்தால் செய்வோம் என்று எனக்கு ஒரு வெறி பிடித்தது. ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர் ஒருவர் ஊர்காவற்துறையில் இருந்தார். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவரைப் போய்ப் பிடித்தேன். கடலுக்குக் கிட்ட இருந்த வெளியில் கல் பொறுக்கி, முள் பிடுங்கி, இரண்டு பக்கமும் கோல் கம்பம் நட்டோம். பெண்பிள்ளைகள் உதைபந்தாட்டம் ஆடுவதா என்று கேட்டவர்களின் வீட்டுக்குத் தராசோடு போய், அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் நிறையைச் சத்தமாக வாசித்தேன். அதன்பிறகு வாய் அடங்கினார்கள்.

பந்து வைக்கிற தகரக் கொட்டிலின் முன்னால் ஒரு பலகை தொங்கவிட்டோம். அதில் மூன்று வரி. பயிற்சிக்கு வருகிற எல்லோருக்கும் போட்டியில் ஆட்டம் உண்டு. படகுக்குப் போகிற பிள்ளையை மறிக்கக் கூடாது. கழகத்தை விட்டுப் போக விரும்புகிறவருக்குக் கேட்ட அன்றே கடிதம் கொடுக்கப்படும்.

முதல் வரி, வேறு கழகங்களில் பதினொரு பேர் ஆட மற்றவர்கள் வருடம் முழுக்கத் தண்ணீர்ப் போத்தல் தூக்குவதைக் கண்ட கோபத்தில் எழுதியது. இரண்டாவது, அனலைதீவிலிருந்து வருகிற பிள்ளைகளுக்காக. கடைசிப் படகு ஐந்து மணிக்கு. கோல் காக்கிறவள் என்றாலும் நாலரைக்குக் கையுறையைக் கழற்றி இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். கோல் விழுந்தாலும் பரவாயில்லை, படகு தவறக் கூடாது. மூன்றாவதுதான் எங்கள் பெருமை. ஒரு பிள்ளை ஒரு கழகத்தில்தான் பதியலாம். பழைய கழகம் கடிதம் கொடுக்காவிட்டால் அந்தப் பருவம் முழுக்க வீட்டில் இருக்கவேண்டியதுதான். அப்படி இருத்திவைத்த கதைகள் எனக்குத் தெரியும். நாங்கள் அப்படிச் செய்யமாட்டோம் என்று எழுதி வைத்தோம். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் பட்டணத்துக் கழகம் ஒன்றுக்குப் போகக் கேட்டபோது, அன்றே கொடுத்தேன். கொடுத்துவிட்டு இரண்டு கிழமை யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அன்றிலிருந்து, மைதானத்து ஓரத்தில் தெரியாத முகம் ஒன்று நின்றால் நான் பிள்ளைகளை எண்ணத் தொடங்கிவிடுவேன்.

அந்தப் பிள்ளை அனலைதீவு. தகப்பன் கடலுக்குப் போகிறவர். பிறந்தபோது அவளைத் தராசில் நிறுத்ததே நான்தான், அப்போது அனலைதீவும் என் பொறுப்பில் இருந்தது. உயர்தரம் படிக்க ஊர்காவற்துறைக்குப் படகில் வந்து போகத் தொடங்கியபோது எங்கள் கழகத்துக்கும் வந்தாள். நெடிய பிள்ளை, நீளக் கை. முதல் நாள் மாஸ்டர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கீப்பர் வந்திட்டுது, மிஸ்" என்றார். நானே கையுறையை எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கிப் போட்டுக்கொண்டு போய் நின்றாள். ஒரு வருடம் நின்றாள். அவள் நின்றால் எதிரணிப் பிள்ளைகளுக்குக் கோல் கம்பம் ஒடுங்கித் தெரியும். மாவட்டப் போட்டியில் இந்தமுறை கிண்ணம் எங்களுக்குத்தான் என்று மாஸ்டர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நான் அடக்கமாக இருப்பதுபோல் நடித்தேன்.

முதலில் தொப்பி போட்ட ஒருவர் வந்தார். மைதானத்து மூலையில் இரண்டு பனைகளுக்கு நடுவில் நின்று, போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார். ஒரு சனிக்கிழமை, பிறகு அடுத்த சனிக்கிழமை. மூன்றாவது சனிக்கிழமை நான் நேரே அவரை நோக்கி நடந்தேன். நான் பாதி வெளியைத் தாண்டுவதற்குள் மோட்டார்சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். மடியில் கனம் இல்லாதவனுக்கு மோட்டார்சைக்கிள் இவ்வளவு கெதியாக ஸ்டார்ட் ஆகாது.

பிறகு அவளுடைய சப்பாத்து. கொட்டிலுக்கு வெளியே வரிசையாகக் கழற்றி வைத்திருந்தார்கள். அவளுடையதில் இடது காலின் முனை தேய்ந்து தோல் கிளம்பியிருந்தது. நின்ற இடத்தில் நிற்கிற கீப்பருக்குச் சப்பாத்தின் முனை ஏன் தேயவேண்டும்? நல்ல கேள்வி. அதற்கு நான் கண்டுபிடித்த மறுமொழிதான் பிழை. யாரோ ஒருவனுடைய மோட்டார்சைக்கிளின் பின்னால் காலை இழுத்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன்.

மூன்றாவதாக வந்தது படகுக்காரரின் கதை. மாதத்தில் ஒரு நாள் அனலைதீவுக் கிளினிக்குக்கு இப்போதும் போகிறேன். அன்று ஐந்து மணிப் படகை ஓட்டுகிறவர்தான் என்னையும் ஏற்றிப் போனார். "எங்கடை கீப்பர் பிள்ளை உங்கடை படகிலைதானே வாறவள், கவனமாக் கொண்டுபோய் இறக்குங்கோ அண்ணை" என்று பேச்சுக்குச் சொன்னேன்.

"ஆர், அந்த நெட்டைப் பிள்ளையோ?" என்றார். "அது செவ்வாயும் வியாழனும் என்ரை படகிலை வாறேல்லை, மிஸ். ஒரு மாதம் இருக்கும். நீங்கள்தான் மறிச்சு வைச்சிருக்கிறியள் எண்டெல்லோ நான் நினைச்சனான்."

நாலரைக்குச் சரியாகக் கையுறையைக் கழற்றி, "படகுக்குப் போறன் மிஸ்" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் போகிறாள். ஒரு நாளும் தவறாமல். பதினேழு வயது. வீட்டுக்குச் சொல்வது ஒன்று, எங்களுக்குச் சொல்வது ஒன்று. என் உத்தியோகத்தில் இந்தக் கதை எப்படித் தொடங்கும், எந்த மாதத்தில் எப்படி என் கையில் வந்து முடியும் என்பது எனக்கு மனப்பாடம்.

அடுத்த சனிக்கிழமை நான் செய்ததை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. தராசை மைதானத்துக்குக் கொண்டுபோனேன். "எல்லாரையும் நிறுக்கவேணும், கிளினிக்கிலை கணக்குக் கேக்கினம்" என்று ஒரு பொய். பத்தொன்பது பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கொட்டிலுக்குள் கூப்பிட்டு நிறுத்தேன். அவளுடைய முறை வந்தபோது கதவைச் சாத்தினேன். கண் இமையை இழுத்துப் பார்த்தேன். கையை இடுப்பில் வைத்துப் பார்த்தேன். கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது என்று கேட்டேன்.

அவள் தராசின் மேல் அசையாமல் நின்று திகதியைச் சொன்னாள். பிறகு, "போகலாமோ மிஸ்?" என்று கேட்டாள்.

போகலாம் என்றேன். அந்தத் திகதியையும் நான் நம்பவில்லை.

செவ்வாய்க்கிழமை நாலரைக்கு அவள் வெளிக்கிட்டதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு இறங்குதுறைக்குப் போனேன். அனலைதீவுப் படகில் அவள் இல்லை. அந்தப் பக்கம், காரைநகருக்கு ஆட்களையும் மோட்டார்சைக்கிள்களையும் ஏற்றிக் கடக்கிற, 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவை கரையை விட்டுக் கிளம்பிவிட்டது. அதன் ஓரத்தில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். அடுத்த பாதைக்காகக் காத்து நின்ற நேரத்தில், கயிறு கட்டுகிற மனிதரிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"அந்தப் பிள்ளையோ? கிழமையிலை ரெண்டு நாள் போறது" என்றார். "அங்காலை ஒருத்தர் மோட்டச்சைக்கிளிலை வந்து ஏத்திக்கொண்டு போறவர்."

எனக்கு வேறு என்ன வேண்டும்? பாதை அந்தச் சின்னக் கடலைக் கடக்கிற பத்து நிமிடமும் அந்த ஒருத்தரை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். பொலிசா, சிறுவர் நன்னடத்தை அலுவலகமா, அல்லது முதலில் என் கையாலேயே இரண்டு அறையா. இறங்கி, கடையில் விசாரித்து, காட்டிய வழியில் ஸ்கூட்டரை விட்டேன். வழி ஒரு விளையாட்டு மைதானத்தில் போய் முடிந்தது.

பெண்பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கோல் கம்பத்தைத்தான் முதலில் பார்த்தேன். அங்கே வேறு ஒரு பிள்ளை நின்றது. மற்றக் கம்பத்தில் இன்னொரு பிள்ளை. இடது பக்கக் கோட்டோரமாக ஒருத்தி பந்தைக் கொண்டு ஓடினாள். மறித்த பிள்ளையை ஒரு பக்கம் காட்டி மறுபக்கத்தால் கடந்தாள். இன்னொருத்தி வந்தாள், அவளையும் கடந்தாள். நீளக் கால்கள், ஒரு எட்டுக்கு மற்றவர்களின் இரண்டு எட்டு. நல்ல பிள்ளை, யாராக இருக்கும், எந்த ஊராக இருக்கும் என்று என் கழகப் புத்தி கணக்குப் போட்டது. அவள் பந்தை உள்ளே அடித்துவிட்டுத் திரும்பி ஓடி வந்தபோதுதான் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டு வந்தாள்.

ஒரு வருடமாகக் கிழமைக்கு மூன்று நாள் பார்த்த பிள்ளை. அவளை நான் ஓடக் கண்டதே இல்லை.

என்னைக் கண்டதும் அவள் நின்றுவிட்டாள். சிரிப்பும் நின்றது. அவளுக்கு முன் அந்தத் தொப்பிக்காரர் என்னை நோக்கி வந்தார். இந்தமுறை ஓடுவதற்கு மோட்டார்சைக்கிள் பக்கத்தில் இல்லை.

"வாங்கோ மிஸ். நான்தான் இஞ்சை பயிற்சி குடுக்கிறனான்" என்றார்.

"களவாய் வந்து படம் எடுத்தது நீங்கள்தானே?"

"ஓம். பிள்ளையின்ரை தாய்மாமன் இஞ்சைதான் இருக்கிறவர். அவர்தான் பாதையடியிலை வந்து பிள்ளையை ஏத்திக்கொண்டு வாறது. தாய்க்கும் தெரியும். ரெண்டு நாளும் மாமன் வீட்டிலை நிண்டிட்டுக் காலமை பள்ளிக்கூடத்துக்கு வருது. பிள்ளைக்கு முன்னுக்கு நிண்டு விளையாட ஆசை எண்டு அவர் சொன்னார். உங்களிட்டை வந்து நேரை கதைக்கத்தான் மூண்டு தரம் வந்தனான்."

"பிறகேன் ஓடினனீங்கள்?"

"நீங்கள் வந்த வரத்தைக் கண்டு பயந்துபோனன், மிஸ். உங்கடை பேர் அப்பிடியெல்லோ."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபத்தையே எடுத்துக்கொண்டேன். எங்கள் பிள்ளையைக் கேட்காமல் எப்படி ஆடவைத்தீர்கள் என்று பாய்ந்தேன். இன்னும் பதியவில்லை, பயிற்சி மட்டும்தான் என்றார் அவர். மாவட்டப் போட்டிக்கான பதிவு வெள்ளிக்கிழமை மத்தியானம் முடிகிறது, அதற்குள் எங்கள் கடிதம் கிடைத்தால் இந்தப் பருவம் அவள் முன்வரியில் ஆடலாம், அடுத்த பருவத்தில் அவளுக்கு வயது தாண்டிவிடும் என்று அமைதியாகச் சொன்னார்.

"கேட்ட அண்டைக்கே குடுப்பியள் எண்டு உங்கடை பலகையிலை கிடக்கு. நான் வாசிச்சனான்."

"நிர்வாகம் கூடித்தான் முடிவெடுக்கவேணும்" என்றேன்.

நிர்வாகம் என்றால் நானும் மாஸ்டரும். நாங்கள் கூடுவதற்கு ஒரு தேத்தண்ணி போதும்.

புதன்கிழமை கூடினோம். மாஸ்டர் முழுவதையும் கேட்டுவிட்டு, கீப்பரை எடுத்துவிட்டால் இத்தனை மாத உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கடிதத்தைச் சனிக்கிழமை குடுப்பம், மிஸ். குடுக்கேல்லை எண்ட பேரும் வராது, பிள்ளையும் எங்களோடை நிக்கும்" என்றார்.

நான் ஓம் என்றேன். வேறு ஒருவர் தலையில் இதைக் கட்ட முடியாது. இதையே வேறொரு கழகம் செய்திருந்தால் தீவு முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பேன். பிள்ளை நாளைக்கு எனக்கு நன்றி சொல்வாள், கிண்ணம் வந்தால் எல்லாம் மறந்துபோகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கொட்டிலைப் பூட்டியபோது பலகையைப் பார்க்காமல் பூட்டினேன்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு, கிளினிக் முடிகிற நேரம், அவள் பள்ளிக்கூடச் சட்டையோடு வந்தாள். வாங்கிலில் இருந்த கடைசித் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும்வரை பொறுத்து நின்றாள்.

"கடிதம் கேட்டு வந்தனான், மிஸ்."

"நிர்வாகம் இன்னும்..." என்று தொடங்கினேன். அவள் பார்த்த பார்வையில் அந்தச் சொல் முடியவில்லை. "சரி, அதை விடும். ஒரு மாதமாப் படகுக்குப் போறன், படகுக்குப் போறன் எண்டு பொய் சொல்லிப்போட்டுப் போனனீர். முன்னுக்கு விளையாட ஆசை எண்டால் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"பொய் சொன்னது பிழைதான், மிஸ்." தலையைக் குனியாமல் சொன்னாள். "ஆனால் நீங்கள் ஒரு நாளும் கேக்கேல்லை. அங்கை முதல் நாளே கேட்டவை, எந்த இடத்திலை நிக்க விருப்பம் எண்டு. எனக்கு மறுமொழி சொல்லத் தெரியேல்லை. அப்பிடி ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை."

"உம்மடை உயரத்துக்கும் கைக்கும் கீப்பர்தான் பொருத்தம். மாஸ்டருக்குத் தெரியாதோ?"

"மாஸ்டர் உயரத்தைப் பாத்தவரோ, அப்பா என்ன தொழில் எண்டு பாத்தவரோ, தெரியாது மிஸ். உங்கடை ரீமிலை கடற்கரைப் பிள்ளையள் ஒருத்தரும் முன்னுக்கு நிண்டதில்லை. ஒரு நாளும்."

எனக்கு உச்சியில் ஏறியது. "என்னடி சொல்லுறாய்? நான் சாதி பாக்கிறன் எண்டோ? எல்லாரையும் ஒரே போத்திலிலை தண்ணி குடிக்க வைச்சவள் நான்!"

"நான் அந்தச் சொல் சொல்லேல்லை, மிஸ். நீங்கள்தான் சொன்னனீங்கள்."

பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"அண்டைக்குத் தராசிலை ஏத்தினனீங்கள். வெளியிலை வந்து எல்லாரையும் கேட்டனான். திகதி கேட்டது என்னட்டை மட்டும்தான். அதை நான் அம்மாட்டைச் சொல்லேல்லை. சொன்னால் அம்மா உங்கடை கிளினிக்குக்கு இனி வரமாட்டா."

போய்விட்டாள். கன்னத்தில் அறை வாங்கியவள் எப்படி இருப்பாளோ அப்படி இருந்தது. ஆனால் நான் சும்மா இருந்து அழுகிறவள் இல்லை. ஒருத்தர் ஒன்றைச் சொன்னால் பேணியைத் திறந்து பார்க்கிறவள். பொய் சொல்கிறாள் என்று நிரூபிக்கத்தான் கொட்டிலுக்குப் போனேன்.

ஒவ்வொரு போட்டிக்கும் யார் எங்கே நின்றார்கள் என்று எழுதி நடுவரிடம் கொடுக்கிற தாளின் பிரதி எங்களிடம் இருக்கும். ஒரு கோப்பு நிறைய. பாதி மாஸ்டரின் கையெழுத்து, பாதி என்னுடையது. முதல் தாளிலிருந்து பார்த்தேன். கோலில் கடற்கரைப் பிள்ளை. பின்வரி நாலும் கடற்கரைப் பிள்ளைகள். முன்னால் சரவணை, வேலணை, மடத்துவெளி ஊர்ப் பிள்ளைகள். தோட்டமும் காணியும் உத்தியோகமும் உள்ள வீட்டுப் பிள்ளைகள், அதாவது என் வீட்டைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள். அடுத்த தாள். அதற்கடுத்த தாள். எல்லோருக்கும் ஆட்டம் உண்டு என்ற எங்கள் சட்டப்படி பிள்ளைகளை மாற்றி மாற்றி விட்டிருந்தோம். அதிலும் சரவணைப் பிள்ளை இளைத்தால் மடத்துவெளிப் பிள்ளை இறங்கியிருந்தது. பின்வரியில் ஒருத்தி இளைத்தால் இன்னொரு கடற்கரைப் பிள்ளை. ஆறு வருடத்துத் தாளில், விதிவிலக்காக ஒன்றைக் காட்டிவிட்டால் போதும் என்று தேடினேன். ஒரு நாள் மடத்துவெளிப் பஸ் வராமல் ஆள் குறைந்திருந்தது. அன்றுகூடப் பத்துப் பேரோடு ஆடியிருந்தோமே தவிர, பின்வரியிலிருந்து ஒருத்தியை முன்னால் அனுப்பவில்லை.

மாஸ்டர் பயிற்சிக்கு வந்தார். தாள்களை விரித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"கடல்காரப் பிள்ளையளுக்குப் பயமில்லை, கை பலம். வந்ததை மறிச்சு நிக்குங்கள். மற்றதுகள் யோசிச்சு விளையாடுங்கள். அது அதுக்கு ஏத்த இடந்தானே, மிஸ்?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. எவருடைய வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறவர். அவர் சொன்ன வசனத்தை நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், பெருமையாக, அந்தப் பிள்ளைகளுக்கு முன்னாலேயே. ஒரு பாடசாலைப் பரிசளிப்பில் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, எங்கள் கழகத்தில் கடற்கரைப் பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளையும் தோளோடு தோள் நிற்கிறார்கள் என்று சொன்னேன். சபை கை தட்டியது. தோளோடு தோள் எங்கே நின்றார்கள்? ஒரு பகுதி மற்றப் பகுதியின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றது.

வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்லலாம். அது உண்மைதான். வேறு யாராவது வேண்டுமென்று செய்திருந்தால் நான் பிடித்திருப்பேன். தொப்பிக்காரரைப் பிடித்தேன், சப்பாத்தின் முனையைப் பிடித்தேன், ஒன்றும் செய்யாத பிள்ளையின் இடுப்பில் கையை வைத்துப் பார்த்தேன். என் கையெழுத்தை மட்டும் நான் ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை.

"சனிக்கிழமை இல்லை, நாளைக்குக் காலமை குடுக்கிறன்" என்று மாஸ்டரிடம் சொன்னேன். கிண்ணத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு விசிலை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கடிதத்துக்கு எங்களிடம் ஒரு படிவம் உண்டு. நான் தயாரித்தது. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, பதிவு இலக்கம், ஆடிய நிலை, கழகத்துக்கு ஆட்சேபம் இல்லை என்ற வரி, கையொப்பம், முத்திரை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் நிரப்பி, முத்திரை குத்தி, முதல் பாதையில் காரைநகருக்குக் கடந்தேன். அவள் பள்ளிக்கூடத்துக்கு வருவதற்காகத் தாய்மாமனோடு அந்தக் கரையில் நின்றாள். என்னைக் கண்டதும் மாமன் மோட்டார்சைக்கிளை விட்டு இறங்கி நின்றார். இன்னும் ஏதோ விசாரிக்க வருகிறேன் என்று நினைத்திருப்பார். அவருடைய முகம் அப்படித்தான் இருந்தது.

கடிதத்தை அவளிடம் நீட்டினேன். "தராசிலை ஏத்தினதுக்கு மன்னிச்சுக்கொள்ளும், பிள்ளை" என்றேன்.

அவள் கையை நீட்டி வாங்கினாள். நான் தந்த தாளை, என்னைப் போலவே, ஒவ்வொரு வரியாக வாசித்தாள். இதையும் நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது. பாதிக்குமேல் வந்ததும் அவளுடைய விரல் ஒரு இடத்தில் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். 'ஆடிய நிலை' என்பதற்கு எதிரே, என்னுடைய நல்ல கையெழுத்தில், 'பந்துக்காப்பாளர்' என்று எழுதியிருந்தேன்.

"அது... இஞ்சை நீர் விளையாடினது அதுதானே, அதாலை..." என்றேன்.

அவள் பையைத் திறந்து பேனையை எடுத்தாள். தாளை மோட்டார்சைக்கிளின் இருக்கையில் விரித்து, அந்தச் சொல்லின் மேல் நேராக ஒரு கோடு கீறினாள். மேலே 'இடது முன்வரி' என்று எழுதினாள். எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு, தாளையும் பேனையையும் என் பக்கம் திருப்பினாள்.

"வெட்டி எழுதினால் பக்கத்திலை நீங்கள் சைன் வைக்கவேணும், மிஸ். இல்லாட்டி ஏற்கமாட்டினம்."

பாதைக்காரர் வெளிக்கிடப்போவதாகக் கத்தினார். நான் குனிந்து, அவள் விரலால் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன்.